காரின் வேக எச்சரிக்கை: தேவையில்லாமல் கத்தினாலும் கத்தாமல் இருந்தாலும் எங்கிருந்து பார்ப்பது

"அண்ணே, இந்த பீப் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுத்துடுங்க." வாரத்துக்கு இரண்டு வண்டியாவது இந்த ஒரே வேண்டுகோளோடு வரும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். அப்படி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் எந்தக் கோளாறும் இருக்காது. மீதியில் பெரும்பாலானவற்றைப் பைசா செலவில்லாமல் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

எதையும் கழற்றும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். கத்துவது யார்? இன்றைய காரில் வேகத்தைப் பற்றிப் பேச நான்கு பேர் இருக்கிறார்கள். மீட்டர் போர்டு, முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, டாஷ்போர்டில் மாட்டிய ஃபோன், வண்டியோடு இணைந்த கம்பெனி ஆப். இந்த நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. ஃபோன் மேப் தவறாகச் சொன்னதற்காக மீட்டரைக் கழற்றிப் பார்த்த வண்டிகூட என்னிடம் வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஃபோனை அணைத்துவிட்டு அதே சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். சத்தம் நின்றால் வண்டியைத் தொட வேண்டியதில்லை.

80-ஐத் தாண்டினால் அவ்வப்போது பீப், 120-க்கு மேல் விடாமல் பீப்

இது கோளாறு இல்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான எல்லாக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஓட்டுநர் பக்க ஏர்பேக், முன் இரண்டு சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல், பின்பக்கப் பார்க்கிங் சென்ஸார் எல்லாம் அதே உத்தரவில் வந்தவைதான். 80-க்கு மேல் இடைவெளி விட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் நிற்காது. அணைப்பதற்கு மெனு கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 100. அங்கே 80-லேயே எதற்குக் கத்துகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த எச்சரிக்கைக்குச் சாலை எது என்று தெரியாது, அதற்குத் தெரிந்தது இரண்டு எண்கள் மட்டுமே. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டி அதை நீக்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டியதை நீக்கியது நாளைக்கு வாரண்டியிலும் இன்சூரன்ஸிலும் கேள்வியாக வந்து நிற்கும்.

80-க்கு முன்பே கத்துகிறது

எந்த வேகத்தில் கத்துகிறது என்று இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது.

*20-ஐ ஒட்டித் தொடங்குகிறது என்றால்* அது வேக எச்சரிக்கையே இல்லை, சீட் பெல்ட். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் தொடங்கி, போகப் போக அதன் சத்தம் கூடும். பக்கத்து சீட்டில் பை, அரிசி மூட்டை எது இருந்தாலும் சென்ஸார் அதை ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தை முன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்து, வழி முழுக்க வண்டி கத்திக்கொண்டே வந்தது என்று என்னிடம் நிறுத்தினார். பழத்தைப் பின்னால் மாற்றினோம், சத்தம் நின்றது. கூலி வாங்கவில்லை, நாலு சுளை கொடுத்தார். பெல்ட் பக்கிளில் செருகிச் சத்தத்தை ஏமாற்றும் கிளிப்புகளைத் தேடிப் போகாதீர்கள். அவற்றை விற்கக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு 2023-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது.

*40, 50, 60 என்று முழு எண்ணில் கத்துகிறது என்றால்* யாரோ அதை அமைத்து வைத்திருக்கிறார்கள். பல கார்களில் சட்டம் சொல்லும் 80, 120 போக, நாமே ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளும் வசதியும் மீட்டருக்குள் இருக்கும். ஸ்டியரிங் பட்டன்களால் மீட்டர் திரையின் செட்டிங்ஸுக்குள் போய், ஸ்பீட் அலர்ட் அல்லது ஸ்பீட் வார்னிங் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு வரும் கோளாறு அநேகமாக இதுதான். முந்தைய உரிமையாளர் மகனுக்காக 60 வைத்திருப்பார், வண்டியை விற்கும்போது மறந்திருப்பார்.

அதை அணைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். சென்னை மாநகருக்குள் கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து வரம்பு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. அங்கே 80-க்கு வரும் பீப்பால் எந்தப் பயனும் இல்லை. ஊருக்குள் அதிகம் ஓட்டுபவர் அந்த அமைப்பை 60-இலேயே விட்டுவைக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் கார் வேகம் மீறினால் அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை.

*ஃபோனில் 75 காட்டும்போதே கத்துகிறது என்றால்* மீட்டரைப் பாருங்கள், அதில் 80 இருக்கும். மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக்கூடாது, பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்த்த அளவுக்குள் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39. அந்தக் கணக்கில் உண்மையாக 80-இல் போகும் வண்டியின் மீட்டர் 92 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். நான் பார்த்தவரை 3 முதல் 5 கி.மீ. வித்தியாசம் சகஜம். இதைச் சரிசெய்யச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

*ஃபோனோடு 8, 10 கி.மீ. வித்தியாசம் இருந்தால்* டயரைப் பாருங்கள். முதலில் காற்று. அடுத்தது தேய்மானம். டயர் பட்டனின் ஆழம் 8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ.க்கு வந்தால் சாதாரணக் கார் டயரின் விட்டம் 2 சதவீதம் குறையும். அதனால் 80-இல் வருவது ஒன்றரை கி.மீ. வித்தியாசம், அவ்வளவுதான். மீதிக்குக் காரணம் டயர் அளவாக இருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிறிய டயர் போட்டிருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும், பீப் சீக்கிரம் வரும்.

பெரிய டயரில்தான் ஆபத்து, அதில் எல்லாம் தலைகீழாகும். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் அழகுக்காக 205/60 ஆர்16 போடுகிறார்கள். முதலாவதன் விட்டம் சுமார் 621 மி.மீ., இரண்டாவது 652. ஐந்து சதவீதம் கூடுதல். மீட்டர் கூட்டிக் காட்டும் பாதுகாப்பு அத்தனையும் அதில் போய்விடும். மீட்டர் 80 என்னும்போது வண்டி நிஜமாகவே 80-இலோ அதற்கு மேலோ போய்க்கொண்டிருக்கும், பீப்பும் அதற்கேற்பத் தாமதமாகத்தான் வரும். இதை ஸ்கேனரில் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். சில வண்டிகளில் முடியும், பலவற்றில் முடியாது. சரியான அளவு டயருக்குத் திரும்புவதுதான் தீர்வு.

சத்தமே வரவில்லை

இதற்காக வண்டியை விரட்டிச் சோதிக்காதீர்கள். நிறுத்திய இடத்திலேயே பார்க்கலாம். இக்னிஷனைப் போட்டுப் பெல்ட் மாட்டாமல் உட்காருங்கள். அல்லது ஹெட்லைட் எரியும்போது சாவியை எடுத்துவிட்டுக் கதவைத் திறங்கள். இதில் எதற்காவது பீப் வந்தால் ஒலிப்பான் நன்றாக இருக்கிறது. அப்புறம் பார்க்க வேண்டியது வேகத் தகவலைத்தான், கீழே மீட்டர் முள் விழும் பகுதிக்குப் போங்கள்.

எதற்குமே பீப் வரவில்லை என்றால், சமீபத்தில் ஆடியோ செட் மாற்றினீர்களா? சில கார்களில் எச்சரிக்கை ஒலி மீட்டருக்குள் இருந்து வராது, செட் வழியாகக் கதவு ஸ்பீக்கரில் வரும். கம்பெனி செட்டைக் கழற்றி வெளிச் செட் மாட்டியதும் வண்டியின் குரலே போய்விடும். மாட்டிய கடையிலேயே போய்க் கேளுங்கள். வண்டியின் தகவல் ஒயரோடு பேசும் இணைப்புப் பெட்டி தனியாகக் கிடைக்கும், அது சரியாகப் பொருந்தினால் ஒலி திரும்பிவிடும். பொருந்தாவிட்டால் பழைய செட்தான் வழி.

செட் மாற்றவில்லையா? செட்டிங்ஸில் வார்னிங் ஒலியளவு என்று ஒன்று இருந்தால் அது குறைந்திருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு ஃப்யூஸ். அதுவும் சரியாக இருந்து, மீட்டரில் எல்லாம் காட்டி, ஒலி மட்டும் இல்லையென்றால் மீட்டர் போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். இதைப் பெயர் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கிலோமீட்டர் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. மீட்டரையே மாற்றினால் பழைய ஓட்டத்தைப் புதியதில் ஏற்றிக்கொள்ளவும் பில்லில் எழுதி வாங்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விற்கும்போது உங்களைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மீட்டர் முள் திடீரென்று விழுந்து எழுகிறது, எச்சரிக்கை வந்து வந்து போகிறது, ஏபிஎஸ் லைட் எரிகிறது

உண்மையான கோளாறு என்றால் இதுதான், நான் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, உண்டு. பலவற்றில் மீட்டருக்கு வேகத்தைச் சொல்வதே சக்கரங்களில் இருக்கும் ஏபிஎஸ் சென்ஸார்கள்தான். ஒரு சக்கரத்தின் தகவல் போனாலும் மீட்டர், எச்சரிக்கை, ஏபிஎஸ் மூன்றும் சேர்ந்து தடுமாறலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் ஏபிஎஸ் லைட் மட்டும் என்றால் நிதானமாக ஓட்டி வரலாம், பிரேக் பிடிக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அதோடு சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தாலோ, பிரேக் பெடலின் தன்மை மாறியிருந்தாலோ ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டு வண்டியைத் தூக்க ஆளைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வது எதுவும் அந்த நிலைக்குப் பொருந்தாது.

லைட் எப்போது வந்தது என்று நினைத்துப் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்த மறுநாளா, பெருமழைக்குப் பிறகா? அப்படியென்றால் இரண்டு நாள் காயவிட்டுப் பாருங்கள், ஈரம்பட்ட கனெக்டர் தானாகச் சரியாகும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லைட்டுகள் மின்னுகின்றனவா? பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பலவீனமான பேட்டரி ஏபிஎஸ், ஸ்டியரிங் என்று எல்லா லைட்டையும் எரியவைத்து நாடகம் ஆடும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துச் சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். சென்ஸாரிலிருந்து மேலே போகும் கறுப்பு ஒயர் கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறதா, டயரில் உரசுகிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? வயல் ஓரம் நிறுத்தும் வண்டிகளில், அறுவடை முடிந்ததும் எலிகள் பானெட்டுக்குள் குடிவருவதை வருடா வருடம் பார்க்கிறேன். வெட்டுப்பட்ட இந்த ஒயரை வெறுமனே முறுக்கி டேப் ஒட்டாதீர்கள். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் ஒயர் அது, ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஒயர் நன்றாக இருந்தால் சென்ஸாரின் முனை. ஒரே ஒரு சிறிய போல்ட்டில் நிற்கும். துருவில் இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் உடல் அப்படியே உடைந்து பாதி உள்ளே தங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். முனையில் இரும்புத் தூள் அப்பியிருந்தால் துணியால் துடைத்தாலே போதும். பாதி வண்டிகளின் கதை இங்கே முடிந்துவிடும்.

இதுவரை வந்தும் சரியாகவில்லை என்றால் ஸ்கேனர் உள்ள ஆளிடம் போங்கள். போனதும் கேட்க வேண்டியது ஒன்று: பிழைக் குறியீட்டை மட்டும் அழித்து அனுப்பாமல், வண்டியை 20-இல் ஓட்டி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். மூன்று 20 காட்டி ஒன்று 0 காட்டும், அல்லது ஒன்று மட்டும் குதிக்கும். கோளாறு அந்தச் சக்கரத்தில்தான்.

அந்தச் சக்கரத்தில் சமீபத்தில் வீல் பேரிங் மாற்றினீர்களா? இதை நான் கேட்காமல் விட்டு ஒருமுறை அரை நாள் வீணாக்கியிருக்கிறேன். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில், சென்ஸார் படிக்கும் காந்த வளையம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். திருப்பி அடித்துவிட்டால் சக்கரம் அழகாகச் சுழலும், சென்ஸாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. அந்த மெக்கானிக்கிடம் சண்டை போடாமல் சொல்லுங்கள். ஆனால் அடித்துக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போட விடாதீர்கள், புதியதுதான் போட வேண்டும்.

சென்ஸார், பேரிங், ஒயர் எல்லாம் சரியென்று உறுதியான பிறகே ஏபிஎஸ்ஸை இயக்கும் பெட்டியான மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டும். விலையில் அதுதான் உச்சம். வண்டியைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் "மாட்யூல் போச்சு" என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

திரையில் வட்டத்துக்குள் தவறான வேக வரம்பு காட்டுகிறது

இது கேமரா உள்ள வண்டிகளுக்கு மட்டும். சாலையோரப் பலகையைப் படித்து வரம்பைச் சொல்வது அதன் வேலை. நெடுஞ்சாலையில் 100-இல் போகும்போது திடீரென்று 40 என்று காட்டிக் கத்துகிறதா? பக்கத்தில் சர்வீஸ் ரோடு பலகை இருந்ததா, முன்னால் போன லாரியின் பின்புறம் வட்டத்துக்குள் எண் எழுதியிருந்ததா என்று பாருங்கள். கேமராவுக்கு எல்லா வட்டமும் ஒன்றுதான். வேலை நடக்கும் இடத்தில் 30 என்று பலகை வைப்பார்கள், வேலை முடிந்த இடத்தில் முடிவுப் பலகை வைக்க மாட்டார்கள். கேமரா பாவம், வெகுதூரம் 30-ஐயே பிடித்துக்கொண்டு வரும். இதற்கெல்லாம் பழுது பார்க்க எதுவும் இல்லை. தொந்தரவாக இருந்தால் செட்டிங்ஸில் ஒலியை மட்டும் அணைத்துவிட்டுப் படத்தை வைத்துக்கொள்ளலாம்.

எதையுமே படிக்கவில்லை என்றால், வெளியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்நடுப் பகுதியைப் பாருங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் கேமராவுக்கு நேர் முன்னால் ஒட்டப்பட்டிருக்கும். கடையில் ஒட்டித் தருபவருக்கு அங்கே கேமரா இருப்பது தெரியாது. ஃபாஸ்டேக்கை உரித்தால் திரும்ப வேலை செய்யாது, மாற்று டேக் வாங்கி வைத்துக்கொண்டு உரியுங்கள். ஸ்டிக்கர் இல்லையா? பூச்சிக் கறை, டேஷ்கேம், சாமி படம் எது மறைத்தாலும் இதே கதைதான். மாலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போது உங்களுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது.

முன்கண்ணாடி மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கேமராவை அளவு பார்த்து நிலைப்படுத்த வேண்டும், அதற்கான கருவியும் இடமும் என்னைப் போன்றவர்களிடம் இருக்காது. தானியங்கி பிரேக்கும் அதே கேமராவை நம்பியிருக்கலாம் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஃபோன் மேப்பில் வேகமோ வரம்போ தெரியவில்லை

கூகுள் மேப்ஸில் இரண்டும் தனித்தனி சுவிட்சுகள். செட்டிங்ஸ், அதற்குள் நேவிகேஷன், அதற்குள் டிரைவிங் பகுதியில் ஸ்பீடோமீட்டர், ஸ்பீட் லிமிட் என்று இருக்கும். வேகம் வருகிறது, வரம்பு வரவில்லை என்றால் அந்தச் சாலைக்குத் தகவல் இல்லை, அவ்வளவுதான். இந்தியாவில் இந்த வசதி 2022-இல் போக்குவரத்துக் காவல்துறை கொடுத்த தகவலோடு பெங்களூரிலும் சண்டிகரிலும்தான் தொடங்கியது. வேகம் நின்று நின்று மாறுகிறதா? இருப்பிட அனுமதியில் துல்லியம் என்பதை இயக்கி, பேட்டரி சேமிப்பை அணையுங்கள். ஃபோனைக் கியர் பக்கத்துக் குழியில் போடாமல் வானம் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். மேப் வரம்பும் சாலைப் பலகையும் வேறுபட்டால் பலகைதான் கணக்கு.

மகன் ஓட்டினால் அப்பா ஃபோனுக்கு வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை

வண்டிக்குள் இருக்கும் சிம்முக்கான சந்தா முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முதல் சில வருடம் இலவசமாகக் கொடுப்பார்கள், அப்புறம் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும், யாரும் கவனிப்பதில்லை. அடுத்து, ஆப் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மகன் பெயரில் இருந்தால் எச்சரிக்கை மகனுக்குத்தான் போகும். ஃபோனில் அந்த ஆப்பின் அறிவிப்பு அணைந்திருக்கலாம். தாமதமாக வருவது சிக்னல் இல்லாத இடத்தைக் கடந்த பிறகு மொத்தமாக வருவதால் இருக்கலாம். கொல்லிமலையில் மீறியது நாமக்கல் வந்ததும் தெரியும்.

எச்சரிக்கை இல்லை, வண்டியே 80-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது

ஸ்டியரிங்கில் லிமிட்டர் பட்டன், அதாவது வைத்த வேகத்தைத் தாண்டவிடாத பட்டன், அழுந்தியிருக்கிறதா? மீட்டரில் எல்ஐஎம் என்றோ ஒரு வேக எண்ணோ தெரியும். அழுத்தி அணைத்தால் தீர்ந்தது. இன்ஜின் லைட் எரிந்தால் வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது, ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இரண்டும் இல்லை, சரியாக 80-இல் சுவர் மாதிரி நிற்கிறது, வண்டியும் பழையது வாங்கியது என்றால் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடி, வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியாக இருக்கலாம். டாக்சிகளுக்கு 80-இல் வேகக் கட்டுப்பாடு வைப்பார்கள். கம்பெனியே இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கலாம், ஆக்சிலரேட்டர் ஒயரில் தனிப் பெட்டி மாட்டியிருக்கலாம். பெட்டியைக் கழற்றுவது அரை மணி நேர வேலை, கம்ப்யூட்டருக்குள் இருப்பதை சர்வீஸ் சென்டர்தான் மாற்ற முடியும். ஆனால் ஆர்.சி.யில் இன்னும் டாக்சி என்றே இருந்தால் நான் தொட மாட்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொந்த உபயோகத்துக்கு மாற்றி, அந்தப் பதிவோடு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.